எண்ணில் வராத பெண்கள்

வகுப்புப் புகைப்படம் என்றால் நமக்கெல்லாம் தெரியும். முன்வரிசை தரையில், அடுத்த வரிசை பெஞ்சில், கடைசி வரிசை பெஞ்சின் மேல் நின்றபடி, ஓரத்தில் டீச்சர். 2019 நவம்பரில் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தின் மையக் கூடத்தை இப்படிப்பட்ட 3,128 படங்கள் நிறைத்தன. 'இயர் 3' என்று பெயர். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். நம் மூன்றாம் வகுப்பு. கலைஞரும் திரைப்பட இயக்குநருமான ஸ்டீவ் மெக்வீனைக் கொண்டு டேட்டும் வேறு இரு கலை அமைப்புகளும் சேர்ந்து செய்வித்த படைப்பு. 1,504 பள்ளிகள், 76,146 பிள்ளைகள். லண்டனில் அந்த வகுப்பில் படித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

நான் நேரில் பார்க்கவில்லை. கூடத்தைப் படமாகத்தான் பார்த்தேன். ஆனாலும் எளிதில் ஒதுக்க மனம் வரவில்லை. வசதியான தனியார் பள்ளியும், வழக்கமான பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கும் மையமும் ஒரே கூடத்தில், ஒரே வரிசையில் தொங்கின. மெக்வீன் கறுப்பினத்தவர். கைவேலைக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களின் வகுப்பில் தன்னைப் போட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தப் படைப்பின் பின்னால் 1977இல் எடுத்த அவருடைய சொந்த வகுப்புப் படமும் இருக்கிறது. தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் பள்ளி பள்ளியாக வந்தார்கள். கூடவே நகரம் முழுக்க 613 விளம்பரப் பலகைகளில் இந்த வகுப்புகள். ஒரு கறுப்பினச் சிறுமி எந்தப் பொருளையும் விற்காமல், தன் தோழிகளோடு வெறுமனே உட்கார்ந்து ஒரு விளம்பரப் பலகையிலிருந்து நம்மைப் பார்ப்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் என் கண் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இந்தப் படங்களில் ஆசிரியர்களும் உதவி ஆசிரியர்களும் உதவிக்கு வந்த பெற்றோரும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள். 76,146இல் அவர்கள் இல்லை. அது பிள்ளைகளின் கணக்கு. படங்களை மெக்வீன் எடுக்கவில்லை. டேட் பயிற்சி கொடுத்து அனுப்பிய புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள். அவர்கள் கேமராவோடு வகுப்புக்குள் நுழையும் முன்பு அங்கே என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? ஒரு பிள்ளையைப் படமெடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மாணவிகளை ஒரு நாள் வெளியே அழைத்துப் போக நான் கடிதம் வாங்கும் பாடு எனக்குத்தான் தெரியும். மறந்து வருபவள், அப்பா கையெழுத்துப் போட மறுத்தவள், தானே கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுபவள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பேச்சு, ஒரு தொலைபேசி அழைப்பு. அருங்காட்சியகங்களின் மொழியில் இதற்குப் 'பங்கேற்பு' என்று பெயர். வீட்டு வேலைக்குப் 'பாசம்' என்று பெயர் வைத்த மாதிரிதான்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். முந்தைய ஆண்டே, 2018இல், அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டடமான டேட் மாடர்னில் கியூபக் கலைஞர் தானியா புருகேரா செய்துகாட்டியிருந்தார். அதுவும் செய்விக்கப்பட்ட படைப்புதான். பணம் ஹூண்டாய் கார் நிறுவனத்தினுடையது, அந்த வரிசையின் பெயரிலேயே அது இருக்கிறது. புருகேரா தன் படைப்புக்குத் தலைப்பாக ஓர் எண்ணையே வைத்தார். 2017இல் நாடு விட்டு நாடு பெயர்ந்தவர்களோடு, 2018இல் அதுவரை பதிவான இடம்பெயர்வோர் மரணங்களைக் கூட்டிய எண். அது மாறிக்கொண்டே இருந்தது. பார்வையாளரின் மணிக்கட்டில் முத்திரையாகக் குத்தப்பட்டது. கூடத்தின் தரைக்கடியில் சிரியாவிலிருந்து வந்த ஓர் இளைஞரின் முகம் மறைந்திருந்தது. பலர் சேர்ந்து படுத்து உடற்சூடு கொடுத்தால்தான் அது தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இவை அல்ல. அருங்காட்சியகத்தின் அதே அஞ்சல் வட்டாரத்தில் வசிக்கும் அல்லது வேலை செய்யும் 21 பேரைப் புருகேரா ஒரு குழுவாகக் கூட்டினார். அருங்காட்சியகம் அக்கம்பக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். அந்தப் பேச்சிலிருந்து வந்த ஒரு முடிவு, பிரதான கட்டடத்துக்கு ஓர் உள்ளூர்ப் பெண்ணின் பெயரை வைப்பது. நடாலி பெல், அந்த வட்டாரத்து இளைஞர்களோடு வேலை செய்துவந்த சமூகச் செயற்பாட்டாளர். பக்கத்துக் கட்டடத்துக்கு 2017இல்தான் கோடீஸ்வரர் பிளவட்னிக்கின் பெயர் வைத்திருந்தார்கள். அவர் பெரும் நன்கொடை கொடுத்தவர், இவர் உழைத்தவர். புருகேராவையும் நான் முழுதாக நம்பிவிடவில்லை. ஒரு பெயர்ப்பலகையால் அக்கம்பக்கத்தின் வீட்டு வாடகை குறையாது. அந்த 21 பேரின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும் என்றும் கேட்கலாம். இருந்தாலும் இங்கே அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. 'இயர் 3'இல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பள்ளிகள்.

நடாலி பெல்லின் பெயர் ஓராண்டுக்கு என்றுதான் முதலில் அறிவித்தார்கள். படைப்பை எடுத்துவிட்டார்கள்; பெயர் தளவரைபடங்களில் தங்கிவிட்டது. கழிப்பறைக்கு வழி தேடுகிறவர்கூட அந்தப் பெயரைப் படித்துத்தான் நடக்க வேண்டும்.