சும்மா நிற்க ஓர் இடம்

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார் வாளைப் பார்த்தார்கள். இன்னொரு சாரார் ஆண்டைப் பார்த்தார்கள். கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது 1995 ஆகஸ்ட் 31இல். படம் முதலில் 1997 என்று போட்டது ஏன் என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கதையின் நடுவில் கிடக்கும் பஸ் ஸ்டாப்பை எல்லாருமே போக்குவரத்து வசதியாகச் சுருக்கிவிட்டார்கள்.

பொடியன்குளத்து ஆட்கள் பஸ் ஏற மேலூருக்குப் போகவேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண் அப்பாவோடு அங்கே காத்து நிற்கும்போதுதான் சீண்டல் நடக்கிறது. பஸ்ஸுக்குள் ஏறிவிட்டால் டிக்கெட் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய பத்து நிமிஷத்துக்கு என்ன இருக்கிறது?

இது நமக்குத் தெரிந்த சங்கதி. வேலைக்குப் போனால் ஊர்த்தெரு நம்மைச் சகித்துக்கொள்ளும். வேலை முடிந்து அங்கேயே மரத்தடியில் துண்டை விரித்தால் கேட்டுவிடும்: “இங்க என்னல சோலி?” சோலி இல்லாமல் இருப்பது அவர்களுடைய சொத்து.

தாமிரபரணிப் படித்துறையின் காற்றையும் ஓய்வையும் நம் விமர்சகர்கள் மண்வாசனை என்று கொண்டாடியிருக்கிறார்கள். அந்தப் படியில் யார் உட்காரலாம், யார் தள்ளிப்போய்க் குளிக்கவேண்டும் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாக வந்தவர்களைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். மனு கொடுக்க வந்த சனத்துக்கு நிற்கக் கரை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், பிள்ளைத்தாய்ச்சி அம்மாவுக்கு நிற்காமல் போகும் பஸ்மேல் சிறுவன் எறியும் கல்லின் கனம் தெரியும்.

படத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. மேலூரில் அவமானப்பட்டவள் ஒரு பெண். பிறகு குதிரையும் வாளும் வந்துவிடுகின்றன. சண்டை ஆம்பிளைகளுக்குள் போய்விடுகிறது. அவள் மறுபடி அதே இடத்தில் பயமில்லாமல் நின்றாளா என்ற கேள்வி வாளுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. ‘பரியேறும் பெருமாள்’ (2018) முடிவில் இரண்டு டீ கிளாஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, நடுவே ஒரு பூ. சின்னக் காட்சிதான். பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அது காட்டிவிட்டது. அந்தப் பொறுமை ‘கர்ண’னின் கடைசிப் பகுதியில் இல்லை.

தோழர்களே, ஊர்களுக்குப் போகும்போது பஸ் வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பஸ் போன பிறகும் நம்ம பொம்பளைங்க கால்மணி நேரம் அங்கனயே உக்காந்து பேசிட்டு வாராங்களா? அதையும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.