பபூன் குரங்கு இல்லைங்க

நாடக 'பபூன்' என்றதும் பலருக்கு அதே பெயருள்ள குரங்குதான் ஞாபகம் வரும். சேட்டை பண்றவர்தானே, பொருத்தமாத்தான் தெரியுது. ஆனா தொடர்பே இல்லை. ஆங்கிலத்தின் 'ஃப' தமிழ் வாயில் 'ப' ஆனதால் இரண்டு சொல்லும் ஒண்ணாயிடுச்சு. நாடகச் சொல்லின் மூலம் இத்தாலியின் 'புஃபோனே'; கன்னம் உப்ப ஊதுவதைக் குறிக்கும் 'புஃபாரே' என்ற வினையில் பிறந்தது. பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம்ம மேடைக்கு வந்திருக்கு.

சரி, ஆங்கிலம் எதுக்கு, 'கோமாளி'ன்னே எழுதலாமே என்பார்கள். அகராதிக்குச் சரி, மேடைக்குச் சரிவராது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் மாதிரி பபூனும் ஒரு தொழிற்பெயர். வள்ளி திருமணமே ஆனாலும், கதைக்கு முன்னாடி தனியாளா மேடையேறி, ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்து, கூட்டத்தை உட்கார வைக்கணும். (தெருக்கூத்துக் கட்டியங்காரனையும் இதோடு குழப்பக் கூடாது, அவர் கதை முழுக்க வருவார்.)

வேடிக்கை என்னன்னா, ஆங்கிலத்தில் இன்று இது வசவு. இங்கே நாடக நோட்டீசில் பெயரோடு சேர்த்து அச்சடிக்கிற பட்டம். அவரைக் 'கோமாளி' என்று எழுதினால்தான் வசவு.