ஒரு டாலருக்கு எத்தனை டாலர்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்றொரு ஊர். 1962 முதல் 1967 வரை அங்கே நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தின் பெயரைச் சொல்லாமல் இன்று குழந்தை நலத்துக்கு யாரும் நிதி கேட்பதில்லை. 123 கறுப்பினக் குழந்தைகள், எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 58 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 65 பேரை 'ஒப்பீட்டுக்காக' வெளியே விட்டுவைத்தார்கள்.

முதலில் அளந்தது அறிவுத்திறன் எண்ணை. அது ஏறியது, பள்ளிக்கூடம் போன சில வருஷத்திலேயே இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அந்த அளவுகோலோடு நின்றிருந்தால் திட்டம் 'தோல்வி'. நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். 2005இல் வந்த அறிக்கை, போட்ட ஒரு டாலருக்குப் பொதுமக்களுக்குத் திரும்பிவந்தது 12.90 டாலர் என்றது. இதில் 88 சதவீதம் எதிலிருந்து? குற்றம் குறைந்ததால் மிச்சமான செலவிலிருந்து.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். குழந்தை எதைப் பெற்றது என்பதல்ல இங்கே 'பலன்'; அந்தக் குழந்தையிடமிருந்து மற்றவர்கள் எதிலிருந்து தப்பித்தார்கள் என்பதே பலன். மூணு வயசுக் கறுப்புக் குழந்தையை வருங்காலக் குற்றவாளியாகக் கட்டமைத்த பிறகுதான் இந்தக் கூட்டல் கழித்தலே சாத்தியமாகிறது. ஃபூக்கோவைத் தேடிப்போக வேண்டியதில்லை, பட்டியலே சொல்கிறது.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் விசேஷம். திட்டத்தில் இருந்த பெண்களில் 88 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். வெளியே நின்றவர்களில் 46 சதவீதம். ஆனால் அந்தப் பொது லாபத்தில் 93 சதவீதம் ஆண்களால் வந்தது. ஏன்னா பெண்கள் அதிகம் கைதாவதில்லை. படித்தது கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

தாய்மார்? ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வேலைக்குப் போகிற தாய் அப்போது வீட்டில் இருக்க முடியாது. அதனால் அப்படிப்பட்ட சில பிள்ளைகளை வெளியே நிற்கும் குழுவுக்கு மாற்றினார்கள். 2010இல் ஜேம்ஸ் ஹெக்மனும் மற்றவர்களும் இதைச் சரிக்கட்டி மறுபடி கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீத ஆதாயம் நிற்கத்தான் செய்கிறது. அதை மறுக்கவில்லை.

'கணக்குக் காட்டலேன்னா காசு வராது தோழர்' என்பார் களத்தில் இருக்கிற நண்பர். வாஸ்தவம். ஆனால் எந்தக் கணக்கு?

1965 கோடையில் ஜான்சன் அரசு ஹெட் ஸ்டார்ட் திட்டத்தைத் தொடங்கியபோது, மிசிசிப்பியில் குடியுரிமை இயக்கத்தார் அந்தப் பணத்தை வாங்கி ஏறக்குறைய 6000 குழந்தைகளுக்கு மையங்கள் நடத்தினார்கள். ஆசிரியைகள் பெரும்பாலும் ஏழைக் கறுப்புத் தாய்மார்கள். தோட்ட முதலாளி பிடுங்க முடியாத சம்பளம் கைக்கு வந்தது. வெள்ளையருக்குப் பொறுக்குமா? செனட்டர் ஸ்டென்னிஸ் முறைகேடு என்று கூச்சல் போட்டார். 1969இல் வந்த வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வு ஹெட் ஸ்டார்ட் பிள்ளைகளை மூன்றாம் வகுப்புவரை சோதித்து, நிலைத்த பலன் பெரிதாக இல்லை என்றது. அந்தச் சம்பளத்துக்கு அதில் ஒரு பத்தி கிடையாது.

பணம் நின்றபோது அந்தத் தாய்மார்கள் மதிப்பீட்டாளர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 1966இன் தொடக்கத்தில் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி வாஷிங்டன் கொண்டுபோய், நாடாளுமன்றக் குழு அறைக்குள்ளேயே பாலர் வகுப்பு நடத்தினார்கள். பணம் வந்தது. அதே ஆண்டில் மறுபடி நிறுத்தி, போட்டிக்கு இன்னொரு அமைப்பையும் கொண்டுவந்தார்கள்.