அப்பாக்கள் மோதிக்கொள்ளும் இடம்: ‘ஷா போ லாங்’ படங்களின் பலமும் குறையும்

ஹாங்காங்கின் போலீஸ் சண்டைப் படங்களில் நாயகனுக்கு ஒரு குடும்பம் இருந்தால், அது எப்போது கடத்தப்படும் என்றுதான் பார்வையாளர் காத்திருப்பார். மனைவியோ மகளோ காதலியோ வில்லன் கையில் சிக்கிவிட்டால் போதும், கடைசி அரைமணி நேரச் சண்டைக்குக் காரணம் கிடைத்துவிடும். குடும்பக் காட்சிகளும் சண்டைக் காட்சிகளும் ஒரே படத்துக்குள் இருந்தாலும் ஒன்றின் சுவடு இன்னொன்றில் படிவதில்லை. 1985இல் ஜாக்கி சான் இயக்கி நடித்த ‘போலீஸ் ஸ்டோரி’ இந்த வகையின் மகத்தான சாதனைகளுள் ஒன்று. ஆனால் அதில் காதலி மேயுடன் நடக்கும் ஊடலெல்லாம் சிரிப்புக்கானது. வணிக வளாகத்தில் கண்ணாடி நொறுங்க நொறுங்க நடக்கும் இறுதி மோதலால் அந்த உறவில் எதுவும் மாறுவதில்லை. 2004இல் பென்னி சான் இயக்கிய ‘நியூ போலீஸ் ஸ்டோரி’ ஒரு படி முன்னே சென்றது. கொள்ளைக் கும்பலின் தலைவனான இளைஞன் ஒரு போலீஸ் உயரதிகாரியின் மகன். தந்தையிடம் வாங்கிய அடியும் அவமானமும்தான் அவனைப் போலீஸ்காரர்களை வேட்டையாட வைக்கின்றன. இறுதியில் தந்தையின் கண்முன்னே, குண்டில்லாத துப்பாக்கியை உயர்த்திச் சாவைத் தேடிக்கொள்கிறான். கனமான இடம்தான். ஆனால் அந்தக் கனம் வசனத்திலும் துப்பாக்கியிலும் இருக்கிறது, கைகலப்பில் இல்லை.

அடுத்த ஆண்டு வில்சன் யிப் இயக்கத்தில் வந்த ‘ஷா போ லாங்’ இந்த வகைக்கு வேறொரு வழியைத் திறந்தது. அதன் நாயகர்களுக்குக் குடும்பம் என்பது சண்டையிடக் கிடைத்த சாக்கு அல்ல, சட்டத்தை மீறவைக்கும் காரணம். 1994இல், குற்றக்கும்பல் தலைவன் வோங் போவுக்கு எதிரான சாட்சியையும் அவர் மனைவியையும் இன்ஸ்பெக்டர் சான் அழைத்துச் செல்லும்போது, கார் மோதலில் இருவரும் இறக்கிறார்கள். அவர்களுடைய சிறுமகள் மட்டும் தப்புகிறாள். அந்த விபத்துக்கான சிகிச்சையில்தான் தன் மூளையில் கட்டி இருப்பது சானுக்குத் தெரியவருகிறது. சிறுமியைத் தன் மகளாக வளர்க்கிறார். 1997 வாக்கில் அவரும் அவரது குழுவும் வோங் போவைச் சிக்கவைப்பதற்காக ஆதாரத்தையே திருத்தத் துணிந்துவிட்டவர்கள். ரகசியப் போலீஸ்காரர் ஒருவரை வோங் போ அடிப்பது ஒரு வீடியோவில் பதிவாகியிருக்கிறது, ஆனால் சுட்டுக் கொன்றது வேறொருவன். அந்த உண்மையை அவர்கள் மறைக்கிறார்கள். வோங் போவும் தந்தைதான். கையில் குழந்தையோடு, மனைவியிடம் குரல் தாழ்த்திப் பேசும் சாமோ ஹங்கை நாம் பார்க்கிறோம். நேர்மையான அப்பாவுக்கும் கொடியவனுக்குமான போர் இங்கே கிடையாது. இரு தரப்பிலும் அப்பாக்கள், இரு தரப்பிலும் குற்றவாளிகள்.

இந்த அமைப்பு சிறந்தது. ஆனால் சிறந்த அமைப்பு மட்டுமே ஒரு படத்தை நிறுத்திவிடாது. குடும்பக் கதையைச் சண்டையே தன் உடலால் சொல்லும் இடங்களில்தான் இந்தக் கலவை வெல்கிறது. அமைதியான காட்சிகளில் பாசத்தைச் சேமித்து வைத்துப் பின்னால் செலவழிக்கப் பார்க்கும் இடங்களில் தோற்கிறது. இதுவே என் வாதம். ‘ஷா போ லாங்’கிலேயே இரண்டுக்கும் சான்று இருக்கிறது.

அந்தப் படத்தின் பெயரைச் சொன்னதுமே ரசிகர்களுக்கு நினைவில் எழுவது சந்துச் சண்டை. போலீஸ் அதிகாரி மா க்வானாக வரும் டானி யென்னின் கையில் போலீசாரின் நீட்டக்கூடிய தடி. வோங் போவின் கொலையாளியாக வெள்ளை உடையில் வரும் வூ ஜிங்கின் கையில் குட்டைக் கத்தி. தடி நீளமானது என்பதால் தூரம் டானி யென்னுக்குச் சாதகம், நெருங்கிவிட்டால் கத்திக்குச் சாதகம். சண்டை முழுக்கவும் அந்த இடைவெளிக்கான போராட்டமே. ஒருவர் உள்ளே புக முயல்கிறார், மற்றவர் அவரை வெளியே நிறுத்தப் பார்க்கிறார். தடியும் கத்தியும் மோதும் வேகத்தில் யார் முந்தினார் என்று கண்ணால் பிரித்தறிவது கடினம், ஆனாலும் யார் எங்கே நிற்கிறார் என்பது ஒரு கணம்கூடக் குழம்புவதில்லை. சண்டை இயக்கமும் டானி யென்தான். இந்த மோதலின் சில பகுதிகள் முன்கூட்டியே வகுக்கப்படாமல் இருவரின் எதிர்வினையை நம்பி எடுக்கப்பட்டவை என்பது பரவலாகச் சொல்லப்படுவது. திரையில் பார்க்கும்போது அதை நம்பத் தோன்றுகிறது. தொழில்நுட்ப ரீதியில் இது படத்தின் மிகச் சிறந்த காட்சி. ஆனால் கதை ரீதியில் இது வெறுமையானது. கத்தியோடு வருபவனுக்குத் தந்தை இல்லை, பிள்ளை இல்லை, வரலாறு இல்லை. அவன் ஒரு கருவி மட்டுமே. சந்துச் சண்டையை அப்படியே எடுத்து வேறு எந்தப் படத்திலும் வைக்கலாம்.

இரவு விடுதியில் நடக்கும் இறுதிச் சண்டையை அப்படி எடுத்து வைக்க முடியாது. ஐம்பதைக் கடந்த, உடல் பருத்த சாமோ ஹங்கோடு டானி யென் மோதுகிறார். இங்கே குத்தும் உதையும் மட்டுமல்ல, கட்டிப்பிடித்துத் தரையில் வீழ்த்துவதும் மூட்டைப் பூட்டி முறுக்குவதும் சண்டையின் மொழியாகின்றன. குங்ஃபூ படங்களின் நேர்த்தியான நின்றாடும் சண்டைக்குப் பழகிய கண்ணுக்கு, இரண்டு கனமான உடல்கள் ஒன்றையொன்று தூக்கி எறிவது வேறு வகையான பயத்தைத் தருகிறது. விழுந்தால் உடையும் என்பது தெரிகிறது. அந்த எடைதான் முடிவைச் சாத்தியமாக்குகிறது. வென்றுவிட்டோம் என்று மா க்வான் நினைத்த பிறகு வோங் போ எழுந்து, அவரைத் தூக்கி ஜன்னல் வழியே வீசுகிறார். மா விழுவது கீழே நிற்கும் காரின் மேல். காருக்குள் இருப்பவர்கள் வோங் போவின் மனைவியும் குழந்தையும். எதிரியைக் கொல்வதற்காக ஓர் அப்பா எறிந்த உடல், அவருடைய குடும்பத்தையே கொல்கிறது. இதற்கு வசனம் தேவையில்லை. சண்டையின் கடைசி அசைவும் குடும்பக் கதையின் கடைசி அசைவும் ஒன்றே. ஹாங்காங் சண்டைப் படங்களில் இதற்கு நிகரான முடிவுகள் அதிகமில்லை.

இந்த முடிவு வெறும் தற்செயல், கதாசிரியரின் சௌகரியம் என்று ஒருவர் மறுக்கலாம். படமே அதற்கொரு பதிலைக் கையில் வைத்திருக்கிறது. சீன ஜோதிடத்தின் மூன்று நட்சத்திரங்களைச் சேர்த்துத்தான் தலைப்பு; எல்லாம் விதி என்று அது சொல்லவருகிறது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. விதியைத் துணைக்கு அழைத்தால் எந்தத் தற்செயலையும் நியாயப்படுத்திவிடலாம். உண்மையான பதில் படத்தின் இன்னொரு மூலையில் கிடைக்கிறது. மா க்வான் முன்பொரு முறை சந்தேக நபர் ஒருவனை அடித்த அடியில் அவனுடைய மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. அவனை மா போய்ப் பார்க்கிறார். சண்டைப் படங்களில் அடிவாங்கிய அடியாட்கள் சட்டகத்துக்கு வெளியே உருண்டு மறைந்துவிடுவார்கள். இங்கே ஓர் அடி வாங்கியவன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்கிறான், அவனோடு அந்த அடியும் இருக்கிறது. அடித்தவன் நினைத்த இடத்தில் அடி நிற்பதில்லை என்பதைப் படம் அமைதியாக நிறுவிவிடுகிறது. எனவே காரின் மேல் விழும் உடல் ஜாதகத்தின் வேலை அல்ல. வன்முறை தன் இலக்கைத் தாண்டிப் போகும் என்று முன்பே காட்டப்பட்டதன் விளைவு அது.

குறைக்கு வருவோம். படம் தந்தையர் தினத்தைத் தன் காலமாகத் தேர்ந்தெடுக்கிறது. சானின் குழுவினர் வாழ்விலுள்ள தந்தை–பிள்ளை உறவுகளைத் தொட்டுக்காட்டும் சிறு காட்சிகள் வரிசையாக வருகின்றன. சற்று நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பிள்ளையைப் பற்றி நெகிழ்ந்து பேசிய அதிகாரி அடுத்த ரீலில் இறப்பார் என்பதை இத்தகைய படங்களைப் பார்த்துப் பழகிய எவரும் ஊகித்துவிடுவார். இசை அந்தச் சோகத்தை முன்கூட்டியே அறிவிக்கிறது. மிகையுணர்ச்சி காண்டனீஸ் சினிமாவின் மரபு, அதைக் குறையாகச் சொல்வது மேற்கத்திய அளவுகோல் என்று ஒரு தரப்பு வாதிடும். மிகையுணர்ச்சி மீது எனக்குப் புகார் இல்லை. காருக்குள் இறக்கும் குழந்தையைவிட மிகையான ஒன்று இந்தப் படத்தில் கிடையாது, அதைத்தான் நான் மேலே பாராட்டினேன். உணர்ச்சி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. இறக்கப்போகும் அதிகாரிகளின் பாசம் அவர்கள் போராடும் விதத்தில் எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை. பிள்ளையற்ற ஒருவர் அந்தக் கத்தியால் எப்படி இறப்பாரோ அப்படியே அவர்களும் இறக்கிறார்கள்.

பத்தாண்டு கழித்து, 2015இல் சோய் சியாங் இயக்கிய இரண்டாம் படம் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டதுபோல இருக்கிறது. கதை புதிது, பாத்திரங்கள் புதியவர்கள். உறுப்புக் கடத்தல் கும்பலுக்குள் புகுந்த ஹாங்காங் ரகசியப் போலீஸ்காரர் (வூ ஜிங்) அடையாளம் வெளிப்பட்டுப் பொய்ப் பெயரில் தாய்லாந்துச் சிறையில் அடைக்கப்படுகிறார். அங்கே காவலராக டோனி ஜா. அவருடைய சிறுமகளுக்கு ரத்தப் புற்றுநோய். பொருந்தக்கூடிய எலும்பு மஜ்ஜைக்குச் சொந்தக்காரர் இந்தக் கைதிதான். இருவருக்கும் அது தெரியாது, பொது மொழியும் கிடையாது. நம்பமுடியாத தற்செயல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது சண்டைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். சிறைக் கலவரத்தில் காவலர் கைதியை அடக்கப் பாயும்போது, ஒவ்வொரு அடியும் தன் மகளைக் காக்க வேண்டிய உடலின் மேலேயே விழுகிறது. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். உண்மை தெரிந்த பிறகு அதே அப்பா, ஜாங் ஜின் நடித்த சிறை அதிகாரியை எதிர்கொள்ளும்போது, வெல்வதோடு பக்கத்தில் இருப்பவரை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும். இருவர் சேர்ந்து ஒருவரைத் தாக்கும் சண்டை இந்த வகையில் பழையதுதான். அதில் ஒருவர் மற்றவருக்கு உயிராதாரமாக இருப்பது புதியது, யாரை முன்னே விடுவது, யாரை இழுத்துக் காப்பது என்ற ஒவ்வொரு நொடி முடிவிலும் மகள் இருக்கிறாள். முதல் படத்தின் அதிகாரிகளுக்குக் கிடைக்காதது இதுதான்.

2017இல் வில்சன் யிப் திரும்பிவந்து இயக்கிய ‘பாரடாக்ஸ்’ மூன்றாவது. பட்டாயாவில் காணாமல்போன மகளைத் தேடிவரும் ஹாங்காங் போலீஸ்காரராக லூயிஸ் கூ. சண்டை இயக்கம் சாமோ ஹங். லூயிஸ் கூ தற்காப்புக் கலையிலிருந்து நடிப்புக்கு வந்தவரல்ல. அதனால் அவருக்கு அழகான அசைவுகள் தரப்படவில்லை; ஓர் அப்பாவின் கோபம் மட்டும் தரப்பட்டது, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கும் முரட்டுத்தனமாக. அந்த நடிப்புக்கு அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது நியாயமே. இதுபோன்ற படங்களுக்கு நடிப்பு விருது அரிதாகவே வரும்.

ஆனால் மூன்று படங்களுக்கும் பொதுவான பெருங்குறை இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. இந்தப் படங்களின் குடும்பம் என்பது அப்பாவும் அவர் இழக்கப்போகும் ஒருவரும் மட்டுமே. முதல் படத்தில் சான் வளர்க்கும் சிறுமி பேசுவதே குறைவு. வோங் போவின் மனைவிக்குத் தன் கணவன் செய்யும் தொழிலைப் பற்றி ஒரு கருத்து உண்டா என்பது நமக்குத் தெரியாமலே அவர் இறந்துவிடுகிறார். அது ஆண்களைப் பற்றிய படம், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆண்களைப் பற்றிய படமாக இருப்பதாலேயே இது குறை. இந்த அப்பாக்களின் செயலை எடைபோட வேண்டியவர்கள் அவர்களோடு வாழ்பவர்கள்தான். அவர்களுக்கு வாயில்லை என்றால் தீர்ப்பை இசையும் விபத்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பாரடாக்ஸி’ல் பதினாறு வயது மகள் தான் கர்ப்பமாக இருப்பதாகவும், காதலனை மணக்க விரும்புவதாகவும் சொல்கிறாள். அப்பா அவனைக் கைதுசெய்யவைக்கிறார், அவளைக் கருக்கலைப்புக்கு உட்படுத்துகிறார். பாசமும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தொடர் இவ்வளவு நேராக வேறெங்கும் காட்டியதில்லை. தொடர் மூன்று படங்களாகக் கேட்டுவந்த கேள்வி அந்த வீட்டுக்குள்தான் இருந்தது. படமோ அதைப் பின்னோக்குக் காட்சிகளாகச் சுருக்கி, அவர் குற்றவுணர்வுக்கான எரிபொருளாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, தாய்லாந்தின் கசாப்புக்கூடத்துக்கு ஓடிவிடுகிறது. மகளை அவர் உயிரோடு சந்திக்காததால் அவள் அவரிடம் எதையும் சொல்லவும் வாய்ப்பில்லை. அடியாட்களின் ஒவ்வோர் எலும்பு முறிவுக்கும் நேரம் ஒதுக்கிய படம், அந்த அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று பேசும் ஒரு முழுக் காட்சிக்கு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். அவர் தோற்றிருக்கக்கூடிய ஒரே மோதல் அது.