எழுபத்திரண்டில் ஒன்று

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11.23 மீட்டர். மாடலுக்காக அதை 72ஆல் வகுத்தால் பதினைந்தரை சென்டிமீட்டர் சொச்சம். ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவார் என்பதுதான் இந்தக் கணக்கில் உள்ள வசதி. அடி, அங்குலத்தில் யோசித்த பிரிட்டனில் 1930களிலேயே இந்த அளவு மாடல்கள் வந்துவிட்டன. 1953இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் தன் முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டைப் பையில் போட்டு, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. வடிவம் அப்படியொன்றும் சரியாக இல்லை. ஆனாலும் வாங்கினார்கள்.

இன்றைய கிட்டுகளில் வடிவம் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. பிரச்சினை வேறு. மாடலைக் கையில் எடுத்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் பார்க்கிறோம். அதை 72ஆல் பெருக்கினால் 21.6 மீட்டர். அவ்வளவு தள்ளி நிற்கிற நிஜ விமானத்தில் என்ன தெரியும்? உருவம் தெரியும், நிழல் தெரியும், நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும். தகடுகள் சேரும் கோடுகள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஆணித்தலைகள் தெரியவே தெரியாது. ஆனால் கண்காட்சி மேசைகளில் கோட்டுக்குக் கோடு கறுப்பு மை ஓடவிட்டு, கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டிய விமானங்களுக்குத்தான் கூட்டம். உழைப்பு பளிச்சென்று தெரிகிறதல்லவா!

ஸ்பிட்ஃபயருக்கு இது இரட்டை அநியாயம். முன்மாதிரி விமானம் 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. ஆணித்தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கத்தான் வேண்டுமா, புடைத்துக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று பார்ப்பதற்காக, ஆணிகளின் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பருப்பைப் பகுதி பகுதியாகச் சுரண்டியெடுத்து, எங்கே வழவழப்பு அவசியம் என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை பாடுபட்டு மறைத்த ஆணிகளை, நாம் ஊசிச் சக்கரம் உருட்டி வரிசை வரிசையாகக் குத்திக் காட்டுகிறோம்.

உழைப்பைப் போட வேண்டிய இடம் விளிம்பு. அரை மில்லிமீட்டர் தடிமனில் இறக்கையின் பின்விளிம்பை விட்டுவிட்டால் நிஜத்தில் அது 36 மில்லிமீட்டர், கதவுப் பலகைக் கணக்கு. ஆகவே மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒட்டுவதற்கு முன்பே, உட்பக்கமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெலிக்க வேண்டும். வெளியிலிருந்து தேய்த்தால் இறக்கையின் வளைவே போய்விடும். விமானிக் கூண்டின் கண்ணாடியிலும் இதே தொல்லை. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்பது ஏழு சென்டிமீட்டர் கண்ணாடி. மூடி வைத்தால் உள்ளே இருப்பது நெளிந்து தெரியும். திறந்து வைத்தால் தடிமன் காட்டிக்கொடுக்கும். ரசனையுள்ளவர்கள் வெற்றிட முறையில் வார்த்த மெல்லிய கூண்டைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். ஏரியல் கம்பிக்குக் காசே வேண்டாம். பாகங்கள் ஒட்டிவரும் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகும் நேரம் பார்த்து இழுத்தால் தலைமயிர் போல் இழை வரும்.

பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் பொறுமை சமாசாரம், சொல்ல அதிகமில்லை. விமானத்தின் சின்னங்களாக ஒட்டும் டிகால் பற்றி மட்டும் ஒன்று: சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூத்தது போல மினுங்கும். முதலில் பளபள வார்னிஷ், பிறகு டிகால், கடைசியாகப் பளபளப்பை அடக்கும் பூச்சு. வரிசையை மாற்றினால் எவ்வளவு நல்ல பெயின்ட் வேலையும் ஸ்டிக்கர் ஒட்டியதாகிவிடும்.

அப்புறம் அழுக்கு. அலுமினியத் தகட்டில் செந்துருவைப் பூசுகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் இருக்கிறது. எனவே இடது இறக்கையின் அடிவாரத்தில் பூட்ஸ் தேய்ந்து பெயின்ட் போயிருந்தால் அதில் நியாயம் உண்டு. வலப்பக்கமும் அதே அளவு தேய்ந்திருந்தால் கட்டியவர் புகைப்படம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான் மிகவும் ரசிப்பது துப்பாக்கி வாய்களை. 1940இன் ஸ்பிட்ஃபயரில் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகள். உயரத்தின் குளிரில் உறைந்துவிடாமலிருக்க வாய்களின் மேல் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள். முதல் குண்டே அதைக் கிழித்துக்கொண்டு போகும். துணி கிழிந்திருக்கிறது, இறக்கையின் அடியில் புகைக்கரியே இல்லை என்றால் அந்த மாடல் பொய் சொல்கிறது. துணி புதிதாக இருந்து அடியில் மட்டும் கரி படிந்திருந்தால்? அதுவும் தப்பு என்பார்கள், மேலோட்டமாகப் பார்ப்பவர்கள். தப்பே இல்லை. தரையிறங்கியதும் ஓடிவந்து தோட்டாப் பெட்டிகளை நிரப்பி, புதுத் துணி ஒட்டியவர்களுக்குக் கரியைத் துடைக்க ஏது நேரம்? இரண்டு சண்டைகளுக்கு நடுவே தரையில் நிற்கும் விமானம் அது. இதை யோசித்துச் செய்தவரின் மாடலில் இறக்கை மூட்டில் லேசாக இடைவெளி தெரிந்தால்கூட நான் கண்டுகொள்ள மாட்டேன்.