ஈறு நோய்: கிருமி பாதி, நம்ம படை மீதி

பற்பசை விளம்பரம் எதை எடுத்துக்கிட்டாலும் கதை ஒண்ணுதான். வாயில கிருமி இருக்கு, பசை அதைக் கொல்லுது, பல் பளிச்சுனு ஆயிடுது. இதுக்கு எதிர்ப்பக்கத்துல "எதிர்ப்பு சக்தியைக் கூட்டினா ஈறு தானா சரியாகிடும்" என்று சொல்லும் கூட்டம் ஒன்று. இரண்டு தரப்பும் ஒரே படத்தைத்தான் மனசுல வைத்திருக்கிறார்கள்: இந்தப் பக்கம் நல்லவன், அந்தப் பக்கம் கெட்டவன், நடுவில் சண்டை. ஈறு நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் படமே தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல ஒரு பழைய ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். பல் மருத்துவத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நமக்கு நெருக்கமானதும்கூட.

நார்வேயைச் சேர்ந்த ஹாரல்ட் லோ 1965-ல் குழுவோடு ஒரு எளிய சோதனை செய்தார். ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. ஆக, பல் மேல் படியும் பாக்டீரியாப் படலம்தான் அழற்சியைத் தொடங்கி வைக்கிறது. இதில் சந்தேகமே இல்லை.

அடுத்த கேள்வி: படலத்தை வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் என்ன ஆகும்? 1970-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை அவரது குழு பரிசோதித்தது. அந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் யார் வேலை பார்த்தார்கள் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழக்கமான பல் பராமரிப்போ சிகிச்சையோ அவர்களுக்குக் கிடைத்ததில்லை. 1985 வரை அவ்வப்போது போய் அளந்து, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள்.

எல்லோர் பல்லிலும் ஏராளமான படலம், காரை. எல்லோருக்கும் ஈறு அழற்சி. ஆனால் விளைவு மட்டும் ஒன்றாக இல்லை. சுமார் 8% பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. 81% பேருக்கு மிதமான வேகம். மீதி 11% பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. 35 வயதில் பல்லைப் பிடித்திருக்கும் திசுவின் இழப்பு முதல் குழுவுக்குச் சராசரியாக 9 மி.மீ., கடைசிக் குழுவுக்கு 1 மி.மீ.கூட இல்லை.

ஒரே அழுக்கு, மூன்று தலையெழுத்து. கிருமி மட்டும்தான் காரணம் என்றால் இதை எப்படி விளக்குவது?

இங்கேதான் எதிர்ப்பு மண்டலம் வருகிறது. படலம் உட்கார்ந்திருப்பது பல்லின் கெட்டியான பரப்பில். அங்கே ரத்தக் குழாய் கிடையாது. அதனால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஈறு இடுக்கு வழியாக வெளியே வந்து, படலத்துக்கு முன்னால் ஒரு சுவர் மாதிரி நிற்கின்றன. ஆரோக்கியமான ஈறிலும் இது தினமும் நடக்கும் வேலைதான். படலம் முதிர்ந்து கெட்டியாகிவிட்டால் அவற்றால் அதைப் பெயர்க்க முடிவதில்லை. முடியாததால் இன்னும் ஆள் வருகிறது. வருகிற ஒவ்வொன்றும் கொலாஜனை அறுக்கும் நொதிகளைக் கொட்டுகிறது. அறுபடுவது நம்ம ஈறுதான். பின்னாலேயே வரும் டி செல், பி செல் கொடுக்கும் சைகைகளால் எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. தாடை எலும்பு இறங்குகிறது, பல் ஆடுகிறது.

என் தொழிலில் இதற்கு அச்சு அசலான உவமை உண்டு. ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் கேட்பவர்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கடைசியில் முதல் கோளாறைவிட அந்த மறுமுயற்சி வெள்ளம்தான் மொத்த அமைப்பையும் சாய்க்கும்.

அப்படின்னா படையைக் கலைச்சிட்டா சரியாகிடுமா? ஆகாது. வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் நுழைய முடியாத அரிய பரம்பரைக் குறைபாடு ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்குச் சின்ன வயசுலயே பல் கொட்டிவிடுகிறது. "காவல் இல்லை, கிருமி புகுந்தது" என்றுதான் இதற்கு ரொம்ப நாள் விளக்கம் சொன்னார்கள். ஆனால் அந்த ஈறுகளில் இன்டர்லூக்கின்-17 என்ற சைகை எல்லை மீறி ஓடுவது 2014-ல் தெரியவந்தது. வெள்ளணு வந்து "போதும்" என்று சொன்னால்தான் அந்தச் சைகை அடங்கும். அது வரவே இல்லையே. அப்படிப்பட்ட ஒரு இளைஞருக்கு, அந்தச் சைகைத் தொடரை அடக்கும் உஸ்டெகினுமாப் என்ற சோரியாசிஸ் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈறு அழற்சி அடங்கியதை 2017-ல் வெளியிட்டார்கள். கிருமிக்கொல்லி அல்ல, எதிர்ப்பின் ஒரு கிளையை அடக்கும் மருந்து! "எதிர்ப்பு சக்தியைக் கூட்டு" என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கிருமியும் இந்த ஆட்டத்தைக் கற்றுவைத்திருக்கிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவுக்கு அழற்சி அடங்குவது நஷ்டம். சிதையும் திசுதான் அதற்குச் சாப்பாடு. 2011-ல் வந்த எலி ஆய்வில், இது கொஞ்சமாக இருந்தாலே போதும், வாயிலுள்ள மற்ற பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து எலும்பு கரைந்தது. வேறு பாக்டீரியாவே இல்லாத எலிகளில் இதைத் தனியாக விட்டபோது எலும்பு கரையவில்லை. எதிர்ப்பு மண்டலத்தின் இரண்டு காம்ப்ளிமென்ட் ஏற்பிகள் இல்லாத எலிகளிலும் கரையவில்லை. குற்றம் செய்ய அதற்கு நம்ம படையின் ஒத்துழைப்பு வேண்டும்.

இனி அந்த இலங்கை ஆய்வின் மேல் என் விமர்சனம். மூன்று உண்டு.

ஒன்று, 8-81-11 என்ற பிரிப்பு விளைவைப் பார்த்துப் போட்ட பிரிப்பு. அது காரணத்தைச் சொல்லாது. எவ்வளவு படலம் என்று அளந்தார்கள். அதில் எந்தெந்த இனம் எவ்வளவு என்று இன்று பார்க்கிற மாதிரி அன்று பார்க்க வழி இல்லை. ஆகவே "எல்லாம் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை" என்று இந்த ஆய்வு ஒன்றை மட்டும் வைத்து எழுதுவது அவசரம். மேலே சொன்ன பிந்தைய ஆய்வுகளோடு சேர்த்துப் படித்தால்தான் வாதம் நிற்கும்.

இரண்டு, 480-ல் தொடங்கி 1985-ல் எஞ்சியவர்கள் 161 பேர். எல்லோரும் ஆண்கள். போனவர்களும் இருந்தவர்களும் ஒரே மாதிரி என்று எப்படிச் சொல்வது? ஒப்பீட்டுக்கு எடுத்ததோ ஆஸ்லோவின் மாணவர்களும் படித்த உத்தியோகஸ்தர்களும். 40 வயதை நெருங்கும்போது அவர்களுக்குத் திசு இழப்பு சுமார் 1.5 மி.மீ., தோட்டத்தில் 4.5 மி.மீ. இந்த வித்தியாசத்தில் பிரஷ்ஷின் பங்கு எவ்வளவு, வருமானத்தின் பங்கு எவ்வளவு?

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது. "இயற்கைப் போக்கு" என்ற தலைப்பின் அர்த்தமே, சிகிச்சை இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது. துலக்கினால் ஈறு வீக்கம் போகும் என்று 1965-லேயே காட்டிய அதே ஆய்வாளர், 1970-க்குப் பிறகு 15 வருஷம் பல் விழுவதை அளந்தார். அந்த அட்டவணை இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதில் 45 வயதில் பல்லே இல்லாமல் போனவர்கள் ஒரு சதவீதமாக மட்டும் இருக்கிறார்கள்.

நமக்கான நடைமுறைப் பாடம் சின்னது. அந்த 11% பேரைக் காட்டித் துலக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால், மீதி 89% பேரைக் காட்டுங்கள். நீங்கள் எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரியாது. உங்கள் எதிர்ப்பு மண்டலத்தை இஷ்டத்துக்குத் திருகவும் முடியாது. கையில் இருப்பது படலத்தை எடுப்பதும், புகையை விடுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும்தான். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் கசியும், அதை ஆரோக்கியம்னு நினைச்சிடாதீங்க. அதே மாதிரி, ஒழுங்காகத் துலக்கியும் பல் ஆடுகிறவரைப் பார்த்து "சுத்தம் போதாது" என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். அவர் அந்த 8%-ல் ஒருவராக இருக்கலாம். அவருக்குத் தேவை திட்டு அல்ல, பல் மருத்துவர்.