லாக்கும் பூட்டும்

"லாக் பண்ணு" என்று யாராவது எழுதினால் போதும், "பூட்டு என்று சொன்னால் வாய் வலிக்குமா?" என்று ஒருவர் வந்துவிடுவார். நான் திண்டுக்கல்காரன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்களுடையது. அந்த உரிமையில் கொஞ்சம் மல்லுக்கட்டுகிறேன்.

தமிழில் பூட்டு என்ற வினைக்கு மூடுவது பிந்திய வேலை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். வில்லில் நாண் பூட்டினார்கள். இரண்டைச் சேர்த்து இறுக்குவதுதான் பூட்டுதல். நன்னூலின் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்றான விற்பூட்டு, செய்யுளின் கடைசிச் சொல்லை முதல் சொல்லோடு சேர்க்கச் சொல்கிறது. எங்க ஊர் மாங்காய்ப் பூட்டும் கொண்டியையும் வளையத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. (அதைத் திறக்கும் சாவி மட்டும் போர்த்துகீசியச் சொல்.)

ஆங்கிலத்திலும் கோத்துக்கொள்வதற்கு லாக் உண்டு. நாம் இரவல் வாங்கியது அதை அல்ல. 'இனி வேறு யாரும் கை வைக்க முடியாது' என்ற அர்த்தத்தை. டேட்டாபேஸில் ஒரு வரியை லாக் செய்தால் மற்றவன் காத்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு "டேட் லாக் பண்ணியாச்சு" என்பதும் அதேதான். "தேதியைப் பூட்டிட்டோம்"னு சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க.

மொழிபெயர்ப்பு தோற்கும் என்று சொல்லவில்லை. லாக்-அவுட்டுக்குக் கதவடைப்பு அபாரமான சொல். டெட்லாக்குக்கு முட்டுக்கட்டை சுமார்தான். முட்டுக்கட்டை, தேர்ச்சக்கரத்துக்கு அடியில் வெளியாள் வைப்பது. டெட்லாக்கில் வெளியாளே கிடையாது; இரண்டு பேரும் ஒருவர் பிடித்திருப்பதற்காக மற்றவர் காத்துக்கிடக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது லாக்கப்தான். அதைத் தமிழாக்கி 'காவல் மரணம்' என்று எழுதுகிறார்கள். காவல் என்றால் காப்பது. வயலுக்குக் காவல், ஊருக்குக் காவல். காப்பவனின் கையில் செத்தவனுக்கு அந்தச் சொல் எதற்கு? மு. சந்திரகுமார் தான் அடிபட்ட கதையை நாவலாக்கியபோது 'லாக்கப்' என்றே பெயர் வைத்தார். வெற்றிமாறனின் 'விசாரணை' அதிலிருந்து வந்ததுதான். அந்தத் தலைப்பில் பாதுகாப்பு என்ற பாவனை இல்லை.

2020 ஜூன். லாக்டவுனை ஊரடங்கு என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும், அனுமதித்த நேரம் தாண்டிக் கடை திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லித்தான் கைது செய்தார்கள்.